கடைசி பஸ்ஸுக்காக எழுந்து வந்த படம்

அண்ணன் இறந்த பிறகு இன்றுதான் அண்ணியைப் பார்க்கப் போனேன். பேச்சு ஓடவில்லை. எண்பதுகளில் பாப்பாரப்பட்டி டூரிங் டாக்கீஸில் நானும் அண்ணனும் பார்த்த சண்டைப்படம் ஒன்றைப் போனில் போட்டேன்.

அடி விழும் முன்பே ஆட்கள் பறக்கிறார்கள். காமெடியன் மட்டும் இன்னும் சிரிக்க வைக்கிறான்.

அப்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்க, கிளைமாக்ஸுக்கு முன்பே எழுந்துவிடுவோம். மீதியை அண்ணனே பஸ்ஸில் இட்டுக்கட்டிச் சொல்வான். அவன் கதையில் காமெடியனுக்குக் கல்யாணம்.

இன்று பார்த்தால், கத்திக்குத்து வாங்குகிறான் காமெடியன்.

"எங்கிட்டயும் கல்யாணம்னுதானுங்க தம்பி, அவரு சொன்னாரு" என்றார் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்திருங்க. அவரு சொன்னதே இருக்கட்டும்."

அண்ணன் முடித்துவைத்த படங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. முழுசாகப் பார்த்தவர்கள் தயவுசெய்து இங்கே கமெண்டில் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.