இரண்டு முழம்

ரயில் திரும்பி வரப்போகிறது என்று போடியே கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிலமலையில் பிறந்த நான் கல்யாணமாகிப் போடிக்கு வந்ததே ரயில் இல்லாத காலத்தில்தான். ரயில் ஓடிய மேட்டில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு இருந்த தெருவுக்கு மட்டும் ஸ்டேஷன் ரோடு என்ற பெயர் போகவில்லை.

ரயிலே இல்லாத ரோட்டுக்கு இத்தனை அகலம் எதற்கு என்று எங்கள் வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். ஆளாளுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். ஒருவர் கூரை இறக்கினார், ஒருவர் மாட்டுக் கொட்டகை போட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு முழம் முன்னே தள்ளிச் சுவர் எழுப்பி, முன் அறையைப் பெரிதாக்கிக்கொண்டார். அவர் போடிமெட்டுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் ஜீப்பு ஓட்டுகிறவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், ஏலக்காய் லோடுடன் இறங்குவார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

அந்த முன் அறையில்தான் என் சோலி நடந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவர் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவார். எட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து, பச்சை வேறாக, வெளுத்தது வேறாக, வெடித்தது வேறாகப் பொறுக்கித் தருவோம். இதற்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் வெயில் ஆகாது. வெயில் பட்டால் காயின் பச்சை போய்விடும். எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. நாள் முழுக்க அறையில் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும், வெயில் எட்டிப் பார்க்காது. வியாபாரி எங்களைத் தேடி வந்ததே அதற்காகத்தான். பின்கட்டு அறைகள் இரண்டும் பகலிலேயே விளக்கு கேட்கும்.

எதிர்வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், பிள்ளை இல்லை. தெருப்பக்கத்து அறையில் சாக்குக் கடை வைத்திருந்தார்கள். ஏலக்காய் கட்டும் சாக்கு, கோணி ஊசி, சணல் எல்லாம் அங்கேதான். நான் அவரை அண்ணே என்பேன், அந்த அம்மாளை அக்கா என்பேன். என் மூத்தவள் பிரசவத்தில் கால் முன்னால் வந்து என்னைப் படுத்தி எடுத்தபோது மருத்துவச்சியோடு ஒன்றரை நாள் என் பக்கத்தில் இருந்தவள் அந்த அக்காதான். நான் கடித்த தழும்பு அவள் கையில் இருந்தது. எதிர்வரிசையில் யாரும் முன்னால் வரவில்லை. அக்கா வீடு ஒரு சாண்கூட நகராமல், அண்ணனுடைய அப்பா கட்டிய இடத்திலேயே நின்றது.

ரயில் வருகிறது என்றதும் ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்றார்கள். இனி லாரியும் மாட்டு வண்டியும் பஸ்சும் ஒன்றையொன்று உரசாமல் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமாம். ஒருநாள் காலையில் ஒரு சர்வேயரும் இரண்டு ஆட்களும் வந்து எங்கள் வரிசையில் மூன்று முளைகள் அடித்தார்கள். தலையில் சிவப்புச் சாயம் பூசிய மரமுளைகள். நடுமுளை எங்கள் வீட்டை ஒட்டிய சந்துக்குள், சுவர் முகப்பிலிருந்து சரியாக இரண்டு முழம் உள்ளே இறங்கியது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் ரோடு என்று அர்த்தம். முன் அறையில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் எட்டுப் பேர் உட்கார முடியாது, மூட்டையும் வைக்க முடியாது. எதிர்வரிசைக்கு எப்போது என்று அண்ணன் கேட்டார். பிறகு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறை போய்விட்டால் வியாபாரி வேறு வெளிச்சம் தேடிக்கொள்வார், எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அந்த எட்டுப் பேரில் மூன்று பேருக்குப் புருஷன் இல்லை. ஆனால் பிறகு நான் செய்ததை அவர்களுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்காகத்தான் செய்தேன்.

என் அப்பா சிலமலையில் காடு வைத்திருந்தவர். வரப்புக் கல்லை நகர்த்துவதில் அவருக்குப் பெயர் உண்டு. வருஷத்துக்கு ஒரு விரல்கடை என்று அவர் நகர்த்துவார், பக்கத்துக் காட்டுக்காரர் அதைத் திருப்பி நகர்த்துவார், இரண்டு பேரும் வைகாசித் திருவிழாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது எங்கள் பக்கத்தில் திருட்டுக் கணக்கில் வராது, ஒரு மாதிரி விளையாட்டு. அப்பா ஒரு கல்லை அசைத்தால் யார் காடு குறைகிறது என்று மட்டும் எங்களுக்குத் தெளிவாகத் தெரியும். அந்த முளையைப் பார்த்தபோது, இதற்கு அந்தப் பக்கம் காட்டுக்காரன் யாரும் இல்லையே என்றுதான் நினைத்தேன். ரோடு யாருடைய காடு? இரண்டு முழம் குறைந்தால் ரோடு வந்து சண்டை போடப்போகிறதா?

சோதனைக்காக முதல் இஞ்சின் வந்த அன்று தெருவில் ஈ காக்கை இல்லை. பூ வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். என் பிள்ளைகளையும் காய் பொறுக்கும் பெண்களையும் அனுப்பிவிட்டேன். மத்தியான வெயிலில் சந்துக்குள் போய் முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தேன். சுவர் முகப்புக்குச் சமமாக அதை நட்டு, அம்மிக் குழவியைக் கொண்டுவந்து அடித்தேன். தரை கெட்டியாக இருந்தது, முளை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. தண்ணீர் ஊற்றி ஊற வைத்து மறுபடி அடித்தேன். அப்போது இஞ்சின் ஊதிய சத்தம் கேட்டது. குழவியைக் கழுவி வைத்துவிட்டு, வேர்வை அடங்கும்வரை அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டருகே தெரு லேசாக வளையும். அதனால் முளை முன்னால் வந்தது யார் கண்ணுக்கும் உறுத்தவில்லை.

அந்த வாரம் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கியதும் அவரிடம் சொன்னேன். உங்கப்பன் புத்தி எங்கே போகும் என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதை இப்போது எழுதுவதற்கு எனக்குக் கை கூசுகிறது.

அடுத்து வந்தவர் பழைய சர்வேயர் இல்லை, வேறொருவர். கையில் ஒரு காகிதம், ஆட்களிடம் இரும்புச் சங்கிலி. எதிர்வரிசைக்கு முளை அடிக்க வந்திருந்தார்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் போய்த் தனியாக அளப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சங்கிலியின் ஒரு முனையை எங்கள் வரிசை முளையில் மாட்டினார்கள். அங்கிருந்து ரோட்டின் அகலத்தை அளந்துகொண்டே எதிர்ப்பக்கம் போனார்கள். சங்கிலி முடிந்த இடத்தில் புது முளை. முதல் முளைக்கு எதிரே ஒருவருடைய வாசல்படி மட்டும் போயிற்று. நடுமுளையில் மாட்டும்முன் சங்கிலி பிடித்த ஆள் எதிரே நின்ற அக்காவிடம் போய் ஏதோ கேட்டான், அவள் தலையை ஆட்டிப் பதில் சொன்னாள். நடுமுளைக்கு எதிரே சங்கிலி அக்கா வீட்டுச் சுவரைத் தொட்டது, இன்னும் இருக்கிறது என்றார்கள், கடைக்குள் போனது. சாக்குக் கட்டுகளை விலக்கச் சொல்லி, கடைக்குள்ளேயே முளை அடித்தார்கள்.

இரண்டு முழம். நான் அளக்காமலே தெரிந்தது.

ஒரு கதவையோ படியையோ இடித்துக் கட்டிக்கொள்ளலாம். அந்த வீட்டின் நடு உத்தரம் முன்சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. சுவர் போனால் வீடு முழுவதும் இறங்கிவிடும். அண்ணன் காகிதத்தைக் காட்டச் சொல்லி வெகுநேரம் பேசினார். எங்கள் வீட்டில் ஒரு அடியும் யாரும் தள்ளிக் கட்டவில்லையே, ரோடு எப்படி என் கடைக்குள் வரும் என்றார். சங்கிலி பிடித்த ஆள் எங்கள் பக்கத்து முளையைக் காட்டி ஏதோ சொன்னான். நான் என் வாசலில் கையில் முறத்தோடு நின்றிருந்தேன். அந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பத்து எட்டு வைத்தால் போதும். நான் உள்ளே போய் உட்கார்ந்து காய் பொறுக்கினேன். பச்சையும் வெளுப்பும் கலந்து போட்டு, எங்கள் பெண்களிடமே திட்டு வாங்கினேன்.

வீட்டுக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எதிர்வீட்டு முளையை நின்று பார்த்தார், சந்துக்குள் போய் எங்கள் முளையைப் பார்த்தார். உள்ளே வந்து, “நாளைக்கு வெரசா ஆபீசுக்குப் போயி உள்ளதச் சொல்லிரு” என்றார். போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டால் என்றேன், அறை முழுவதையும் இடித்துவிட்டால் என்றேன், பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஒங்கிட்ட சொல்லிட்டேன், அவ்வளவுதான்” என்று மலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவரே போய்ச் சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. அதை வைத்து அவரிடம் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். என் பங்கைக் குறைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி இல்லை.

இடிப்பதற்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அந்த மாதம் முழுக்க நான் எதிர்வீட்டுக்குப் போகாத நாள் இல்லை. குழம்பு கொண்டுபோனேன். அண்ணன் சாக்குக் கட்டுகளை இறக்கியபோது கூடமாட நின்றேன். அக்காவுக்குத் தலைவலி என்றால் நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்புவேன். அக்காவும் என்னை உடனே விடமாட்டாள். இன்னும் கொஞ்சம் இரு என்பாள். பேச்சு முடிந்த பிறகும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீடு போகிற துக்கத்தில் துணை தேடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இடம் தேடிப் பார்த்து, ரோட்டோரத்தில் கடை எதுவும் அமையாமல், அவர்கள் மலைக்குப் போவதென்று முடிவாயிற்று. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அக்காவின் தம்பி பலசரக்குக் கடை வைத்திருந்தான். அவனோடு சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு என் வீட்டுக்காரரின் ஜீப்பைத்தான் கேட்டார்கள். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை.

அன்று விடிந்ததும் கட்டில், பெட்டி, ஒரு மாதா படம், மிச்சமிருந்த சாக்குகள் எல்லாம் ஏறின. அண்ணன் வெறும் கடையை ஒருதரம் சுற்றி வந்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். வீட்டுக்காரர் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

“இஞ்சின் வந்த அன்னைக்கு நானும் போகல தங்கச்சி” என்றாள். “காச்ச. சன்னல் ஓரமாப் படுத்துக் கெடந்தேன்.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“முளை எறங்காம நீ படுற பாட்டப் பாத்து, எந்திரிச்சு வந்து ஒரு கை பிடிப்பமான்னுகூட நெனச்சேன். ஒனக்கு அந்த ரூமு நெலைக்கட்டும்னுதான் இருந்துச்சு. சங்கிலிக்காரன் வந்து, இந்த முளைய யாரும் தொட்டாகளான்னு கேட்டான். யாரும் தொடலன்னு நாந்தேன் சொன்னேன். அது எங்க வீட்டுக்குள்ள வரும்னு எனக்கென்ன தெரியும்?”

எல்லாம் தெரிந்த பிறகாவது அந்த ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன். கேட்டே விட்டேன். அந்த நிமிஷத்திலும் நான் அவளைத்தான் கேட்டேன்.

“நான் சொன்னா அது கோள் சொன்னதாவுல்ல ஆகும்” என்றாள். “நீ வந்து சொல்லுவன்னு இருந்தேன். தெனம் வந்த. இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு ஒவ்வொரு நாளும் ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

வீட்டுக்காரர் வந்து வண்டியைக் கிளப்பினார். அவள் என் கையை உதறவில்லை, மெதுவாக எடுத்து என் பக்கமே வைத்தாள். ஜீப்பு வளைவில் திரும்பும்வரை பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் எனக்குக் கையசைத்துக்கொண்டே போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்கா அவரிடம்கூடச் சொல்லவில்லை.

என் முன் அறை இடிபடவில்லை. அதில் இருபது வருஷம் காய் பொறுக்கினேன், மூன்று பிள்ளைகளை அதை வைத்துத்தான் படிக்க வைத்தேன். வீட்டுக்காரர் மலைக்குப் போய் வரும்போதெல்லாம் அக்கா நன்றாக இருக்கிறாள், உன்னைக் கேட்டாள் என்பார். ஒருதரம் வா, கூட்டிக்கொண்டு போகிறேன் என்பார். ஜீப்பில் ஏறினால் மூன்று மணி நேரம். நான் போகவில்லை.