'நார்மல்' என்று எழுதிய குப்பி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருவியைச் சரிபார்க்க, நோயில்லாத ஒருவரின் இரத்தம் வேண்டும். கருவி செய்பவரே தன் விரலில் குத்திக் கொடுத்துவிடுவார். குப்பியின் மேல் 'நார்மல்' என்று ஒட்டுவோம். அந்தக் குப்பி என்னுடையது.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு பயோசென்சார் (இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவைச் சிறு மின்னோட்டமாக்கிக் காட்டும் கருவி). எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு பஸ். தொழிற்சாலையில் சுமை ஏற்றும் அப்பா, "பொண்ணு மிஷின் கண்டுபிடிக்குது" என்று வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தக் கோடையில் தாகம் அடங்கவில்லை. பஸ் ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் தண்ணீர் பாட்டில் காலியாகிவிடும். ஜாக்கெட் தொளதொளத்தது. வெயில், அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். என் கவலையெல்லாம் கருவிதான். நார்மல் குப்பிக்கே அதன் முள் கடைசிவரை ஓடியது. பழுது கருவியில்தான் என்று, சர்க்கரையை உணரும் நொதிப் படலத்தை உரித்து உரித்துப் புதிதாகப் போட்டேன்.

"உன் விரல் சல்லடையாயிடுச்சு. இன்னிக்கு என்னுத எடுத்துக்கோ" என்றாள் உடன் வேலை செய்த லலிதா. முள் சரியான இடத்தில் நின்றது. கருவியில் பழுதில்லை. இருவரும் கை தட்டினோம். லலிதாதான் முதலில் நிறுத்தினாள்.

முதல் வகை நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரக்காமல் போவது) என்றார் ஓசூர் டாக்டரம்மா.

"மிஷின் சொன்னத நீங்க நம்பலியா?"

"நான் செஞ்சதாச்சே டாக்டர். அதான் நம்பல."

அவர் சிரித்தார். கூட வந்த என் அம்மா சிரிக்கவில்லை. "சாகற வரைக்கும் ஊசியாங்க?"

"ஊசி போட்டாத்தாம்மா நல்லா இருப்பா."

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இனிமே பஸ் ஏற வேணாம் பாப்பா" என்றார். ஊசியைவிட அதுதான் வலித்தது.

"சர்க்கரை கூடுன ரத்தமும் அந்த மிஷினுக்கு வேணும்பா. நாங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிட்டிருந்தோம்."

"ஊர்ல வேற ரத்தமே இல்லியா?" என்று எழுந்து போய்விட்டார். உடம்பு தேறி நான் கிளம்பிய காலையில், சாப்பாட்டுப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் நடந்தார்.

ஊசி உங்களுக்குப் புதிதென்றால், பழகக் கொஞ்ச நாள்தான் ஆகும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஈரமணல் பானையில் இன்சுலின் குளிர்ந்திருக்கிறது. ஊசிக்கும் கேழ்வரகுக் களிக்கும் இடையே என் பொழுது ஓடுகிறது.

நார்மல் குப்பி இப்போது லலிதாவுடையது. என்னுடையதில் 'மிகை' என்று ஒட்டியிருக்கிறோம். கருவிக்கு இரண்டும் வேண்டும். தாகம் எடுத்தால் முன்பு தண்ணீரைத் தேடுவேன். இப்போது முதலில் முள்ளைப் பார்க்கிறேன். அது சொல்வதை நம்புகிறேன்.