அல்ப்ஸ் வரைபடத்திலிருந்து விழுந்த சிவப்பு ஊசி

சென்ற ஆண்டு பங்குனி மாதம். மொன்றியலில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு தக்கைப் பலகையை மாட்டி, அதில் அல்ப்ஸ் மலைப்பகுதியின் பெரிய சாலை வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைகிற ஆடி மாதத்தில் சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் போவது, அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, இடையிடையே தங்கி மலைகளைச் சுற்றிப் பார்ப்பது என்பது ஏற்பாடு.

ஏற்பாடு என்றால் என்னுடைய ஏற்பாடு. மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது என் வேலை. வீட்டிலும் அதே குணம்தான். கலியாணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். என்ன சமைத்தேன், யார் வந்தார்கள், வெளியே எவ்வளவு குளிர் என்பதுவரை அதில் இருக்கும். கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிப் போகும் ட்ரக் ஓட்டுபவர். ரொறன்ரோ அவருக்கு அடுத்த தெரு மாதிரி. ஆகவே திட்டம் என் பொறுப்பு, ஓட்டம் அவர் பொறுப்பு. இதை நாங்கள் பேசி முடிவெடுக்கவில்லை. எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது, கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டுவேன். பெரிய சாலையில் ஏறினால் அவர்தான். எங்கள் வீடுகளில் இதையெல்லாம் யார் பேசி முடிவெடுக்கிறார்கள்?

வரைபடத்தில் உருண்டைத் தலை வைத்த சிறிய ஊசிகளைக் குத்தியிருந்தேன். சொந்தக்காரர் வீடுகளுக்குப் பச்சை. மலைகளுக்குச் சிவப்பு. முதல் திட்டத்தில் பச்சை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சூரிச்சில் இருக்கும் என் அக்கா வீடு. மீதியெல்லாம் சிவப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஃபுர்க்கா கணவாய். அந்தச் சாலை மலையின்மேல் கொண்டையூசி வளைவுகளாக ஏறி இறங்குகிற படத்தை எங்கோ பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஓர் ஆசை. பயணமே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

திட்டத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் தொலைபேசி அடித்தது.

"எடியே, கனடாவிலை இருந்துகொண்டு அடிமட்டம் வைச்சு நேர்கோடு கீறியிருக்கிறாய் போலை. உங்களுக்கு அங்கை நேர் ரோட்டு. இஞ்சை மலையிலை கிலோமீற்றர்க் கணக்கில்லை, வளைவுக் கணக்கு. ஒருநாளிலை மூண்டு கணவாய் தாண்டினால் மலையை ஆர் பாக்கிறது? வாந்தியெடுக்கத்தான் நேரம் காணும்."

அவள் சொன்னது சரி. ரொறன்ரோ போகிற தூரத்தில் பாதி என்று நான் கணக்கிட்டிருந்த ஒரு பகுதிக்கு அங்கே காலையில் புறப்பட்டால் மாலையாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கலை அவள் பிறகு சொன்னாள்.

"லொசானிலை உன்ரை மனுசன்ரை தம்பி இருக்கிறான். தூரினிலை பெரியம்மாவின்ரை மகள் இருக்கிறாள். வீட்டு வாசலாலை போய்ப்போட்டு ஹோட்டலிலை நிண்டியளெண்டு கேள்விப்பட்டால் பேந்து ஒரு கலியாணவீட்டிலையும் உங்களோடை கதைக்க மாட்டினம்."

நான் பயந்தது இதற்குத்தான். ஒரு வீட்டில் நின்றால் மற்ற வீட்டிலும் நிற்க வேண்டும். நின்றால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் அன்றைக்கு மலை இல்லை. அதோடு எங்கள் சொந்தங்கள் ஒருவர்கூட மலையில் குடியிருக்கவில்லை. எல்லாரும் மலையைச் சுற்றியுள்ள பட்டணங்களில்தான். பச்சை ஊசிகளை இணைத்துக் கோடு கீறினால், அல்ப்ஸ் மலையை மிகக் கவனமாகத் தவிர்த்துப் போகிற ஒரு வட்டம் கிடைக்கும்.

இதில் கணவர் என் பக்கம் நிற்பார் என்றுதான் நம்பினேன். சொந்தக்காரர் வீட்டில் தங்குவது என்றால் அவருக்கு வேப்பங்காய். ரொறன்ரோவில் தன் ஒன்றுவிட்ட தமையன் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடித்துவிட்டு, "ரோட்டு நெரிசலாகிப் போடும்" என்று எழும்பிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"பாவம், அவையளும் ஆசையோடை கேக்கினம். எல்லா வீட்டிலையும் நிப்பம்."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது.

"எல்லா வீட்டிலையுமோ?"

"ஓம். தம்பியிட்டைக் கார் இருக்கு. அவனே எங்களைக் கூட்டிக்கொண்டு திரிவான்."

"அப்ப நாங்கள் ஏன் கார் எடுக்கிறம்?"

"எடுத்தே ஆகவேணுமே?" என்றார்.

அடுத்த சில கிழமைகளில் குழப்பம் கூடிக்கொண்டே போனது. ட்ரக்கில் எட்டுக் கியர் பத்துக் கியர் போட்டவர், வாடகைக் கார் ஓட்டோமற்றிக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். பேர்னில் யாரோ ஊர்க்காரர் இருக்கிறார் என்று தானே தேடிப் பிடித்து எனக்கு ஒரு பச்சை ஊசி கூட்டினார். ஃபுர்க்கா என்று வாயெடுத்தால் போதும், ஆடியிலும் அங்கே பனி கொட்டும் என்றார். நான் தேடிப் பார்த்து, கோடையில் சாலை திறந்திருக்கும் என்று காட்டினேன். அப்படியானால் நெரிசலாக இருக்கும் என்றார். பிறகு ஒருநாள் மிகுந்த உற்சாகத்தோடு வேலையால் வந்தார்.

"இஞ்சை பாரும், ஒரு நல்ல விசயம் கண்டுபிடிச்சனான். அந்த மலைக்குக் கீழாலை ரயில் போகுதாம். காரையும் அதுக்குள்ளை ஏத்தலாமாம். நாங்கள் காருக்குள்ளையே இருக்கலாம். அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கி விடுவினம்."

"மலையைப் பாக்கப் போற நாங்கள் மலைக்குக் கீழாலை ஏனப்பா போகவேணும்?"

"சுகமாப் போகலாம்."

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தங்கிப் படிக்கும் மகளிடம் தொலைபேசியில் முறையிட்டேன். "அம்மா, இது ரோட் ட்ரிப் இல்லை, சாப்பாட்டு ட்ரிப். அப்பாவுக்கு இடியப்பம்தான் முக்கியம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு என்னோடு தனியாக ஒரு மலைமேல் நிற்க இவருக்கு விருப்பமில்லையோ என்றுகூட ஓர் எண்ணம் வந்தது. அன்று நாட்குறிப்பில் வானிலை, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் எழுதியபின் கடைசியில் "ஒன்றும் விளங்கவில்லை" என்று எழுதினேன்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலையில் பலகையைச் சற்று உயர்த்தி மாட்டினேன். அப்போது இரண்டு மூன்று ஊசிகள் கழன்று விழுந்தன. பொறுக்கிக் குத்தியபின் பார்த்தால் ஃபுர்க்காவின் சிவப்பு ஊசியைக் காணவில்லை. மேசைக்குக் கீழே, கதிரைக்கு அடியில், கம்பளத்தின் ஓரத்தில் எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. மத்தியானம் கறி தாளித்துவிட்டு மறுபடி வந்து பார்த்தபோதும் அந்த இடத்தில் சிறு துளைதான் இருந்தது. வரைபடம் முழுவதும் மற்ற எல்லா ஊசியும் இருக்க, இந்த ஒன்று மட்டும் எப்படி மாயமாகும்?

கணவர் குளித்துவிட்டுச் சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்குமாகக் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஃபுர்க்கா ஊசியை ஏன் எடுத்தனீங்கள்?"

"எந்த ஊசி?"

"போக விருப்பமில்லையெண்டால் வாய் திறந்து சொல்லுங்கோ. ஒளிச்சு வைச்சு விளையாட நாங்கள் என்ன சின்னப் பிள்ளையளே?"

"சத்தியமா நான் எடுக்கேல்லையப்பா. எனக்கேன் உம்மடை ஊசி?"

சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சாடியை எடுக்கப் போனார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. டிக். சற்று இடைவெளி. மறுபடி டிக். குளிர்சாதனப் பெட்டியா என்று பார்த்தேன். இல்லை. அவர் சாடியோடு திரும்பி வரும்போதும் அதே சத்தம். அவர் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால், ஒரு அடி விட்டு ஒரு அடிக்கு, மரத்தரையில் டிக், டிக். எங்கள் வீட்டில் யாரும் உள்ளே செருப்புப் போடுவதில்லை. வெறுங்காலில் நடக்கிற மனிதரிடமிருந்து இந்தச் சத்தம் எப்படி வரும்?

"கொஞ்சம் இருங்கோ" என்று கதிரையில் இருத்தினேன். "வலது காலைத் தூக்குங்கோ."

"என்ன விசர் உமக்கு?"

தூக்கினார். பெருவிரலுக்குக் கீழே, தசையான இடத்தில், ஊசி முழுதாக இறங்கி, சிவப்புத் தலை மட்டும் குங்குமப் பொட்டுப்போல வெளியே தெரிந்தது. ஃபுர்க்கா கணவாய்.

அதைப் பார்த்து என் உள்ளங்கால் கூசியது. அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் வலியில்லை. ஆச்சரியம்கூட இல்லை. அகப்பட்டுக்கொண்ட ஆளின் முகமாகத்தான் இருந்தது.

"நோகேல்லையோ?" என்றேன்.

நான் ஊசியைப் பிடுங்கினேன். ஒரு சொட்டு இரத்தம் வந்தது. அப்போதும் அவர் காலை இழுக்கவில்லை.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"இலையுதிர் காலம் தொடக்கம்" என்றார். "முதலிலை விரல் நுனியிலைதான். பேந்து மெல்ல மெல்லக் கீழ்ப்பக்கம் முழுக்க. பிரேக்கை அமத்தேக்கை பஞ்சை மிதிக்கிற மாதிரிக் கிடக்கும். நேர் ரோட்டிலை சமாளிச்சுப் போடுவன். உந்த மலை இறக்கத்திலை உம்மை இருத்திக்கொண்டு ஓட, எனக்கு என்ரை காலிலை நம்பிக்கையில்லை."

எட்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போடுகிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டோமற்றிக் கார், தம்பியின் கார், பேர்ன் ஊர்க்காரர், மலைக்குக் கீழே போகிற ரயில், ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று அந்தக் கதிரைக்கு முன்னால் தரையில் இருந்தபடியே எனக்கு விளங்கியது. விளங்காதது ஒன்றுதான்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீர் உடனை எழுதிப்போடுவீர்" என்றார். சிரிக்க முயன்று முடியாமல் போனது. "எழுதினால் பேந்து அது உண்மையாப் போடும். ட்ரக் ஓட விடமாட்டாங்கள். ஓட்டமில்லாமல் நான் என்ன செய்யிறது?"

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் காலோடு அந்தப் பெரிய வண்டியைக் குளிர்காலம் முழுவதும் ஓட்டியிருக்கிறார். முன்னால் போன கார்களில் யார் யார் இருந்திருப்பார்கள்? சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு முன்பே, "தெரியும், சொல்லாதையும்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த நாள் நான் கிளினிக்குக்கு அழைத்தேன். அவர் தன் மேலாளருக்குத் தானே அழைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பரிசோதனைகள் நடந்தன. நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம், போன உணர்வு திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ட்ரக் ஓட்டம் மேலாளருக்கு அழைத்த அன்றோடு நின்றது. மருந்தை மாற்றியபின் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில், மற்றவர்களின் வண்டிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை கிடைத்தது. முதல் நாள் போய் வந்து, "எல்லாரும் பிழையாத்தான் ரிவேர்ஸ் எடுக்கிறாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

பயணத்தைக் கைவிடலாம் என்றேன். அவர்தான் மறுத்தார். அந்தச் சிவப்பு ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய துளையிலேயே குத்தியவரும் அவர்தான். வாடகைக் காரை நீக்கிவிட்டு ரயில், பஸ் என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் அவரிடம் கேட்டு எழுதினேன். இதில் எவ்வளவு நடக்கலாம், இதில் ஏறி இறங்கச் சரிவருமா என்று. பதினொரு தரிப்பிடங்கள் ஐந்தாகின. பச்சை ஊசிகள் எல்லாவற்றிலும் நின்றோம். லொசானில் சாப்பாட்டு மேசையில், "ஏன் அண்ணை, கார் எடுக்கேல்லையோ?" என்று தம்பி கேட்டபோது, நான் மழுப்ப நினைத்தேன். அவர் சோற்றைக் குறைத்துப் போடச் சொல்லிவிட்டு, "எனக்குக் கால் விறைப்படா, பிரேக் தெரியாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு தம்பி தன் கையிலிருந்த இனிப்பைத் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கும் இரண்டு விரல் அப்பிடித்தான்" என்றான். அவன் மனைவி அவனைப் பார்த்த பார்வையை நான் அடையாளம் கண்டேன்.

ஃபுர்க்காவுக்கு மஞ்சள் பஸ்ஸில் போனோம். முன் இருக்கையை அவர் பிடித்தார். மேலே இறங்கி நின்றபோது காற்று ஆளைத் தள்ளியது. பாறை இடுக்கில் உண்மையாகவே பழைய பனி கிடந்தது. "நான் சொன்னனான்தானே, ஆடியிலையும் பனியெண்டு" என்றார். அந்த வெற்றியை அவருக்கு விட்டுக் கொடுத்தேன்.

இறக்கத்தில்தான் கவனித்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கும் முன்பே என் கணவரின் வலது கால் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்க, அவர் பார்வை ஓட்டுநரின் காலிலேயே இருந்தது. நான் என் சப்பாத்தைக் கழற்றி, என் பாதத்தை மெதுவாக அவர் பாதத்தின்மேல் வைத்தேன்.

"தெரியுதோ?" என்று கேட்டேன்.

குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். "வைச்சது தெரியேல்லை" என்றார். "பாரம் தெரியுது."

வீடு திரும்பி மாதங்கள் ஆகின்றன, வரைபடம் இன்னும் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் நாட்குறிப்பைத் திறக்கும் முன் அவர் காலை என் மடியில் தூக்கி வைத்துப் பார்க்கிறேன், இத்தனை வருடம் எல்லாவற்றையும் எழுதி வைத்த நான் பக்கத்தில் இருந்த இதை எப்படிப் பாராமல் இருந்தேன் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.