தூணில் மிஞ்சிய செம்பு

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் மகனுடன் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் சித்ரதுர்க்கத்துப் பழைய செம்புச் சுரங்கத்தில் கூரை சரிந்து அவனுக்குக் கை முறிந்தது. அவனைச் சேலத்துக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன். யாராவது பெட்டியைத் தடாலென்று வைத்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன்.

சுரங்கத்துக்கு மரம் அனுப்பும் மண்டிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு அருகில் வருகிறார்.

"அங்கே இன்னும் செம்பு இருக்கிறதா?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"அந்தக் காலத்து ஜனங்களே வெட்டி எடுத்துட்டாங்க ஸ்வாமி. கூரை விழாம இருக்க நடுநடுல தூணா விட்டாங்க பாருங்க, அதுலதான் மிச்சம். எந்தத் தூணை வெட்டலாம்னு சுண்ணாம்புல குறி போடறது நம்ம தம்பிதானே?"

அளக்கிற வேலை என்று மட்டும்தான் மகன் எனக்கு எழுதியிருந்தான்.

"தூணை வெட்டினால் கூரை?"

"அதுக்குத்தானே நம்ம மரம்."

மகன் நல்ல கையால் அவருடைய சிகரெட் அட்டையில் முட்டுமரம் நிற்க வேண்டிய இடங்களை வரைந்து காட்டுகிறான். எலும்பு கூடியதும் திரும்பி வருவானாம். என்னைக் கேட்கவில்லை.

வண்டி வருகிறது. முட்டுமரம் இவ்வளவு பருமன் போதுமா என்று மண்டிக்காரர் மகனிடம் இரு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். நான் அந்தக் கைகளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அகற்றி வைக்கிறேன்.