சிவதீரியத்தின் கொம்புக்குக் கொடுத்த முட்டு

கில்ன் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது உடைந்த கொம்புதான். பொம்மை சுடுகிற கேஸ் சூளையைத்தான் கில்ன் என்போம். பின்னால் நின்ற முதலாளியும் அதைப் பார்த்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிள்ளைகளா, அந்த மிருகத்தின் பெயர் சிவதீரியம். இப்போது உலகில் எங்கும் இல்லை. சிவாலிக் மலையில் எலும்பு கிடைத்திருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தம், ஆனால் கழுத்து குட்டை, உடம்பு கனம், காலில் குளம்பு. கண்ணுக்கு மேலே சின்னக் கொம்பு இரண்டு, பின்தலையில் அகலமாக இரண்டு. ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அதன் சிலை கேட்டு விருத்தாசலத்தில் எங்கள் பொம்மை யூனிட்டுக்கு ஆர்டர் வந்தது. பொம்மைகளுக்குக் கை, கால், கொம்பு ஒட்டுகிற செல்வி படத்தைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, மாடும் ஒட்டகச்சிவிங்கியும் பாகம் பிரிச்சிக்கிட்ட மாதிரி இருக்குது!" என்று சிரித்தாள்.

கொம்பு உடைந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. "இன்னொன்னும் ஒடஞ்சா பள்ளிக்கூடத்துக்காரங்க ஃபைபர்ல செஞ்சிக்கறோம்னுட்டாங்க. கார்த்திகை வெளக்கு வேல வர்ற வரைக்கும் யூனிட்ட மூட வேண்டியதுதான்," என்றார் முதலாளி.

செல்வி உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். கொம்பு சாயாமலிருக்க வழக்கம்போல் அடியில் சூடு தாங்குகிற ஃபயர் பிரிக் கல் துண்டை முட்டுக் கொடுத்திருந்தோம்.

"அண்ணே, சூட்டுல களிமண்ணு சுருங்கி எறங்குது. கல்லு எறங்கலியே. அதான் கொம்ப நெம்பிடுச்சி."

சின்னப் பொம்மையில் இது தெரியாது. இந்தச் சிலை ஆட்டுக்குட்டி உயரம்.

இரண்டாவது சிலைக்கு அதே களியில் முட்டு செய்தோம். ஒட்டிக்கொள்ளாமலிருக்க அலுமினா பவுடர் தூவி வைத்தோம்.

சூடு உச்சத்துக்கு ஏறும்போது முதலாளி பார்வைத் துளையில் பார்த்தார். "ஏம்பா, கொம்பு சாயுது! கேஸ நிறுத்து!"

நானும் பார்த்தேன். கொம்பு நுனி நிஜமாகவே கீழே வந்திருந்தது. நிறுத்தினால் களி வேகாது. நிறுத்தாமல் விட்டு, சாய்வது உண்மையானால் எல்லாம் போச்சு. வால்வில் கை வைத்தபடி முட்டுக் கட்டியைப் பார்த்தேன். அதுவும் இறங்கியிருந்தது. கொம்புக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழவில்லை.

"சாயலைங்க. ரெண்டும் சேந்துதான் எறங்குது. வுட்டுடுங்க."

"ஒடஞ்சா?"

"ஒடஞ்சா என்னைக் கேளுங்க." வாய்தான் சொன்னது. கை வால்வை விட்டு நகரவில்லை.

ஆறிய பிறகு கதவைத் திறந்தோம். நான்கு கொம்பும் நின்றன. செல்வி விரலால் தட்டினாள். முட்டு கழன்று அவள் கையில் விழுந்தது. முதலாளி, "போய் டீ சொல்லு," என்று மட்டும் சொன்னார்.

நம் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் கிடக்கிற கட்டியைக் காட்டி, "குப்பையில போட்டுடலாமாப்பா?" என்று கேட்டீர்களே, அதுதான் அந்த முட்டு. போடாதீர்கள். ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும்போது நாமும் அவரோடு கொஞ்சம் இறங்க வேண்டும். விறைப்பாக நின்றால், தாங்குகிற நாமே அவரை உடைத்துவிடுவோம்.