திரும்பிய உள்ளங்கை

என் மகளுக்குக் காது கேட்காது என்பது இரண்டரை வயதில்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் பார்த்த டாக்டர் காது மிஷின் எழுதிக் கொடுத்துவிட்டு, "கையால பேசப் பழக்கிடாதீங்கம்மா, அப்புறம் வாய்ப்பேச்சு வராது" என்றார். நம்பினேன். அவள் எதையாவது காட்டக் கையைத் தூக்கினால் பிடித்து இறக்குவேன். என் உதட்டைப் பார்க்கும்படி முகத்தைத் திருப்புவேன். நான்கு வருடம் அப்படிச் செய்தேன். பேச்சு வரவில்லை.

ஏழு வயதில் திண்டிவனத்தில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். எங்கள் ஊரான கெடாரில் என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, நான் தினமும் பஸ் மாறி அவளைக் கூட்டிப்போய் மாலை வரை அங்கேயே இருந்தேன். பிறவியிலேயே காது கேளாத டீச்சர் ஒருவர் பிள்ளைகளோடு எனக்கும் சைகை மொழி கற்றுக்கொடுத்தார்.

கூடச் சேர்ந்த பிள்ளைகள் மூன்று மாதத்தில் சைகையிலேயே சண்டை போட்டார்கள், கோள் சொன்னார்கள். என் மகள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாட்டா காட்டினால்கூட உள்ளங்கை அவள் பக்கமே இருக்கும். விளையாடுகிறாள் என்று சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினார்: "எதிரில் இருப்பவரின் கை தன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே செய்கிறாள். மற்ற பிள்ளைகள் தங்களை எதிரில் இருப்பவரின் இடத்தில் வைத்துப் பார்த்துக் கையைத் திருப்பிக்கொள்வார்கள். இன்னொரு பிள்ளையிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டுங்கள்."

புதுச்சேரி டாக்டர் ஆட்டிசமும் இருக்கிறது என்றார். "வாய்ப்பேச்சோ கைப்பேச்சோ, மூளைக்கு ரெண்டும் மொழிதாம்மா. காது கேக்கலன்னா கண்ணு வழியா எடுத்துக்கும். ஆனா எதிர்ல இருக்கறவங்களப் பாக்கணும்னு அதுக்குத் தோணணும். இவளுக்கு அது தோணல."

"சின்ன வயசுலயே கையால பேச உட்டிருந்தா வந்திருக்குமாங்க?"

அவர் பேனாவை மூடினார். "கொஞ்சம் வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா."

பதின்மூன்று வயதில் ஒருமுறை சாப்பிடாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தாள். எதிரில் உட்கார்ந்து, 'எங்கே வலிக்கிறது?' என்று கையால் கேட்டேன். அவளும் கையைத் தூக்கி, 'எங்கே வலிக்கிறது?' என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடி அதையே செய்தாள்.

"எத்தினி தடவ கேட்டுக்கினே இருப்ப. அவளுக்கு என்னா தெரியும்" என்று வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஐந்தாம் நாள் கன்னம் வீங்கிய பிறகுதான் கடைவாய்ப் பல் என்று தெரிந்தது. சீழ் கோத்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கினார்கள்.

இப்போது அவளுக்குப் பதினேழு. பள்ளியை நிறுத்தியாயிற்று. பதினோரு சைகைகள் செய்வாள். தண்ணீர், சோறு, வெளியே என்று எல்லாம் கேட்பதற்கான சைகைகள். எதையும் என்னிடம் சொல்வதற்காக அவள் கை உயர்ந்ததில்லை.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் காது கேளாத இரண்டு பெண்கள் சைகையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு மாமியாரோடு தகராறு. எனக்கு முழுதும் புரிந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து மற்றவள், 'உங்களுக்குத் தெரியுமா?' என்றாள்.

'மகளுக்காகக் கற்றேன்.'

'மகள் எங்கே?'

'வீட்டில்.'

அரைமணி நேரம் பேசினோம். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். இந்தப் பத்து வருடத்தில் என் மகளோடு பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது. பஸ் வந்ததும் போன் நம்பர் கேட்டார்கள். என் நம்பரே எனக்குத் தெரியாதது போலத் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.