குருவியைக் கேட்டே வீடு கட்டுறது?

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

லண்டனில் மிச்சம் என்கிற ஊர்ப்பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். பின்வளவின் கடைசியில் ஓர் உயிர்வேலி, முழுக்க முள்மரங்கள். சித்திரை கழிய வெள்ளையாகப் பூக்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அந்த வீட்டிலேயே பிறந்தவர். இங்கே வீடுகள் வருமுன் லாவெண்டர் தோட்டம் இருந்ததாம், அந்தத் தோட்டத்தின் எல்லைக்கு நட்ட வேலியாம் இது. அவருடைய தாய் சொன்னது. மகன்தான் எனக்குத் தமிழில் சொன்னான், சிரித்துக்கொண்டு.

வளவின் கடைசியில் வாடகைக்கு விட ஒரு சின்ன வீடு கட்ட மகன் கவுன்சிலில் அனுமதி எடுத்தான். அத்திவாரத்துக்கு நாள்கல் வைக்க ஐயர் சித்திரையில் நாள் குறித்தார். கல் வைக்கிற மூலை வேலி நின்ற மூலை. உடுப்புக் காயப்போடும்போது நான் அதற்குள் கூட்டைக் கண்டிருந்தேன். மஞ்சள் சொண்டுக் கருங்குருவியின் குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி.

"மோனை, வேலிக்குள்ள குஞ்சு இருக்கு. பறந்த பிறகு வெட்டடா."

"ஐயர் நாள் குறிச்சிட்டார் அம்மா. குருவியைக் கேட்டே வீடு கட்டுறது?"

பக்கத்து வீட்டுக்காரியும் வந்து, கூடு இருக்கும்போது வெட்டக்கூடாது, சட்டம் இருக்கிறது என்றார். மகன் இங்கிலீசில் 'சொறி, சொறி' என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, "நாங்கள் வீடு கட்டுறது அவவுக்கு எரிச்சல்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுத்த நேரம் ஊரில் எங்கள் காணியைப் பிடித்து வீட்டை இடித்தவர்களை இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் இருந்து திட்டுகிற பிள்ளை இவன்.

அந்த நாள் வந்தது. பிரான்சில் இருந்து இங்கே வந்து கட்டட வேலை செய்யும் ஒரு தமிழ்த் தம்பி வாள் மெசினோடு வந்தார். ஆட்கள் வந்தாலே குசினிக்குள் ஒளிக்கிற நான், பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் வேலியோடு போட்டு, தேநீர்க் கோப்பையோடு இருந்துவிட்டேன்.

"அம்மா, கொஞ்சம் எழும்புங்கோ. மெசின் போடப்போறன்."

"குடிச்சிட்டு எழும்புறன், தம்பி."

"எவ்வளவு பெரிய கோப்பையம்மா அது! பிரான்சிலை போராட்டம் எண்டால் றோட்டிலை படுப்பினம். நீங்கள் கதிரையோட வந்திருக்கிறியள்."

மகன் பல்லைக் கடித்தான். "அம்மா, நல்ல நேரம் போகுது!"

"குஞ்சு இருக்கிற வீட்டை உடைக்கிற நேரம் எப்பிடியடா நல்ல நேரம்?" நான் எழும்பவில்லை.

பூசைத்தட்டோடு வந்து நின்ற ஐயர் போனில் நேரத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "ஆவணியிலையும் நல்ல நாள் இருக்கு" என்றார்.

"இதை முதலே சொல்லேலாதோ, ஐயா?" என்றேன்.

"மகன் கெதியா வேணுமெண்டவர்."

பக்கத்து வீட்டு யன்னலில் அந்த வெள்ளைக்காரி தன் கோப்பையை என்னை நோக்கித் தூக்கிக் காட்டினார்.

அன்றைக்கு வெட்டவில்லை, குஞ்சுகள் பறந்தன. ஆவணி வந்தது. வேலியில் பாதியை வெட்டினார்கள். "இப்ப குருவி இல்லைத்தானே? சட்டம் குருவிக்குத்தான், வேலிக்கில்லை" என்றான் மகன். எத்தனை தலைமுறையாக நின்றதோ, ஒரு காலைப்பொழுதில் குப்பை. வேர் பிடுங்கிய குழிக்குள் மஞ்சளும் குங்குமமும் பூசிக் கல்லை இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, சிவப்புக் காய்களோடு கிடந்த ஒரு முள்மரக் கொப்பை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய தாய் காட்டிய வேலி அது. வந்து குடியேறிய நாங்கள் வெட்டினோம்.

மிச்சப் பாதியையும் எடுத்துக் கார் விட இடம் செய்யப் போகிறானாம். கதிரையை நான் இன்னும் உள்ளே எடுக்கவில்லை. ஆனால் இந்த முறை கூடு இல்லை, சொல்ல எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. அது உண்மையாகவே பழைய தோட்டத்து எல்லைதானா, அப்படிப்பட்ட வேலியைக் காக்க ஏதும் சட்டம் உண்டா? நான் கேட்டது, எழுதியது பிழையாக இருக்கலாம். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள், அவன் அடுத்த நாள் குறிக்குமுன்.